ஆயில் ஏறுதா பாருங்கள்



பல ஆண்டுகள் நிறுத்தி வைத்த பழைய மோட்டார் சைக்கிளை மறுபடி ஓட்ட எடுக்கிறோம். அதன் எஞ்சினுக்குள் எண்ணெய் சுற்றுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் இன்றைக்கு நான் பேச வந்த பொருள். இலக்கியம் பேசும் மேடையில் இதற்கா ஒரு சொற்பொழிவு என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தூத்துக்குடியில் எத்தனை வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய புல்லட் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பா ஓட்டிய வண்டி. கப்பலுக்குப் போன அண்ணன் விட்டுச் சென்ற வண்டி. விற்க மனம் வராமல் நிறுத்திய வண்டி. ஒருநாள் பேரனுக்கு ஆசை வருகிறது. தார்ப்பாயை விலக்குகிறான், துடைக்கிறான், புதுப் பெட்ரோல் ஊற்றுகிறான், ஓங்கி உதைக்கிறான். பத்து உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது. “அண்ணாச்சி, இரும்புன்னா இரும்புதான், பாத்தீங்களா!” என்கிறார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்த்தது? ஐம்பது ஆண்டு தாங்கிய எஞ்சின் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் சாகலாம். அதைத் தடுக்கத்தான் நான் பேசுகிறேன்.

முதலில் வண்டியை அறிமுகம் செய்துவிடுகிறேன். புல்லட், ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்; இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டியில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள். தாய் நிறுவனம் 1970-வாக்கில் இங்கிலாந்தில் மூடிப்போனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, ஏறத்தாழ அதே உடம்போடு இந்த நூற்றாண்டு வரைக்கும் தமிழ்நாட்டில் உற்பத்தியானது. உலகத்தில் வேறெங்கும் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய எஞ்சின், நம் ஊரில் பால் கேன் சுமந்தது, போலீஸ்காரரைச் சுமந்தது, உப்பளத்துக்குக் கணக்குப்பிள்ளையைச் சுமந்தது. ஆகவே பழைய மோட்டார் சைக்கிள் என்று நான் சொன்னால் அது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டுச் சங்கதி அல்ல. அது நம்முடையது.

அந்த எஞ்சினுக்குள் எண்ணெய் எப்படிப் போகிறது? கேளுங்கள்.

இன்றைய பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் எஞ்சினுக்கு அடியிலேயே கிடக்கும். பழைய புல்லட்டில் அப்படி இல்லை. எண்ணெய்க்கென்று தனி அறை, அதாவது எண்ணெய் டேங்க். அது கிராங்க் சுழலும் அறைக்குப் பின்னால், அதே வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டேகால் லிட்டர் போலப் பிடிக்கும். வலப்பக்க டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள். ஒன்று கொடுக்கும் பம்பு: டேங்கிலிருந்து எண்ணெயை இழுத்து, ஃபில்டர் வழியாக, கிராங்கின் முனைக்குள் செலுத்தும். மற்றது எடுக்கும் பம்பு: வேலை முடிந்து கிராங்க் அறையின் அடியில் சொட்டிச் சேர்ந்த எண்ணெயை உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்பும். எடுக்கும் பம்புக்குக் கொள்ளளவு அதிகம். கொடுப்பதைவிட வேகமாக எடுத்தால்தான் கிராங்க் அறை வறண்டு இருக்கும். சிலிண்டர் தலைக்கு மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களுக்கு வெளிப்பக்கமாக ஒரு மெல்லிய குழாய் ஏறும்.

இத்தனை ஏற்பாடும் யாருக்காக? முக்கியமாக ஓர் உறுப்புக்காக. கனெக்டிங் ராடின் கீழ்முனை, பட்டறை மொழியில் பிக் எண்ட். பழைய புல்லட்டில் அங்கே உருளை பேரிங் கிடையாது. ஃப்ளோட்டிங் புஷ் என்கிற வழவழப்பான உலோக வளையம். அந்த வளையத்துக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவில் இருக்க வேண்டியது எண்ணெய்ப் படலம் மட்டுமே. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று வைத்துக்கொண்டால், ஐந்நூறு முறை பெட்ரோல் வெடித்து அந்தப் படலத்தின் மேல் அடிக்கிறது. படலம் இருந்தால் உலோகமும் உலோகமும் தொடவே தொடாது. படலம் இல்லையென்றால்?

உருளை பேரிங் கொஞ்ச நேரம் பட்டினி கிடந்து தாங்கும். புஷ் தாங்காது. அது கீறும், சூடேறும், கடிக்கும். அப்புறம் முழு எஞ்சினையும் இறக்கி, பிளந்து, கிராங்கைப் பிரித்தாக வேண்டும். இதில் பெரிய கொடுமை, இது அன்றைக்கே தெரியாது என்பதுதான். அன்றைக்கு வண்டி ஓடும். இரண்டு மாதம் கழித்துத்தான் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வரும். பழைய வண்டி, ஆயுள் முடிந்தது என்று முடிவு கட்டுவோம். ஆயுள் முடியவில்லை, ஐயா. ஆசையில் ஓங்கி உதைத்தோமே, அன்று முடித்தது நாம்.

சரி, நின்ற வண்டிக்குள் என்ன நடக்கிறது? ஓடாத வண்டி தேயாது என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கடற்கரையில் அந்த நினைப்பு செல்லாது. புஷ்ஷில் இருந்த படலம் மெல்லக் கீழே வடிகிறது. எஞ்சின் நின்ற நிலையில் ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால், முள்ளக்காட்டு உப்பளக் காற்று சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ சிலிண்டருக்குள் வந்து குடியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் சேரும். வார்ப்பிரும்பு சிலிண்டர் போரில் துரு பூக்கும். பழைய எண்ணெயில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் நீரும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அவை உள்ளிருந்து அரிக்கும்.

இவற்றோடு, புல்லட் போன்ற பழைய வண்டிகளுக்கு உரிய இன்னொரு வியாதி உண்டு. டேங்கில் இருக்கும் எண்ணெய் பம்பின் நுண்ணிய இடைவெளி வழியாக, மாதக்கணக்கில், சொட்டுச் சொட்டாக கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறோம், எண்ணெய் இல்லை. ‘ஆவியாகிவிட்டது போல’ என்று இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றுகிறோம். எண்ணெய் எங்கும் போகவில்லை, பெருமக்களே! தவறான அறையில் நிற்கிறது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை, பிரீதர் குழாயில் எண்ணெய் கக்கல். பார்ப்பவர் ரிங் போய்விட்டது என்பார். நாமும் நம்பி எஞ்சினைப் பிரிப்போம்.

இந்த இடத்தில் உங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. 1974-ல் பெருந்துறைமுகமான ஊர் இது. இன்றைக்கும் அந்தத் துறையில் நிற்கும் ஒரு பெரிய டீசல் கப்பல் புறப்படுவதற்கு முன், எஞ்சின் அறையில் என்ன செய்கிறார்கள்? சாவியைத் திருப்பி ஓட்டிவிடுகிறார்களா? இல்லை. முதலில் மின்சாரத்தில் ஓடும் தனிப் பம்பால் எண்ணெயைச் சுற்றவிடுகிறார்கள். எஞ்சின் இன்னும் தூங்குகிறது. எண்ணெய் மட்டும் ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேர்கிறது. பிறகு டர்னிங் கியர் என்ற மோட்டாரைப் பூட்டி, அந்த மாபெரும் கிராங்கை மெல்ல மெல்லச் சுற்றுகிறார்கள். சிலிண்டர் தலையில் உள்ள சிறு குழாய்களைத் திறந்து வைக்கிறார்கள்; உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் அது வழியே பீய்ச்சிக்கொண்டு வரும். எல்லாம் பார்த்த பிறகுதான் தீ.

கோடிக்கணக்கான ரூபாய் கப்பலுக்கு ஒரு நாள் நின்றாலே இந்த மரியாதை என்றால், இருபது ஆண்டு நின்ற வண்டிக்கு?

இன்னும் பின்னே போங்கள். முத்துக்குளித்துறை என்று பேர் பெற்ற கரை இது. இந்தக் கடலில் கடைசி அரசு முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் என்ன செய்தார்கள்? கடலடியில் சிப்பிகள் கிடக்கும் பார்களை ஆய்ந்தார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் தரத்தை மதிப்பிட்டார்கள். சிப்பி முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு முத்துக்குளிப்பு கிடையாது. கண்ணால் பார்க்காமல் கடலில் இறங்காத ஊர்க்காரர்கள் நீங்கள். வண்டி விஷயத்தில் மட்டும் ஏன் அவசரம்?

பழைய புல்லட்டில் எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு இல்லை. மானி இல்லை. ஹெட்லைட் பக்கத்தில் ஒரு முள் ஆடுகிறதே என்றால், அது ஆம்பியர் மீட்டர். மின்சாரத்தைச் சொல்லும், எண்ணெயைச் சொல்லாது. கப்பலில் இருக்கும் தனிப் பம்பும் இல்லை. எஞ்சின் சுற்றினால்தான் பம்பு சுற்றும். அப்படியானால் தீ இல்லாமல் எஞ்சினைச் சுற்ற வேண்டும். அந்த டர்னிங் கியர் யார்? உங்கள் கால்தான்.

எப்படி என்று சொல்கிறேன். மெக்கானிக் தம்பிகளே, பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதல் வேலை, உதைக்காமல் இருப்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் சுத்தமான ஆயிலை சிலிண்டருக்குள் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிவது காலுக்குத் தெரியாது. கால் ஓங்கி மிதித்துவிடும், உள்ளே ரிங் ஒடிந்துவிடும்.

அடுத்து, எண்ணெயை வடியுங்கள். இதில்தான் பெரும்பாலோர் பாதியில் நிறுத்துகிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிதிருகுகள் உண்டு. டேங்கை வடித்தால் போதாது, கிராங்க் அறையையும் வடிக்க வேண்டும். வடிந்ததை ஒரு பாத்திரத்தில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உலோகப் பொடி மின்னினால் புஷ் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். மேற்கொண்டு போகாதீர்கள், எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். ஃபில்டரை மாற்றுங்கள். முடிந்தால் டைமிங் கவரைக் கழற்றி, கிராங்கின் முனையைக் கவ்வியிருக்கும் அந்தச் சிறு சீலையும் மாற்றிவிடுங்கள். கொடுக்கும் பம்பு அனுப்பும் எண்ணெய் அதன் வழியாகத்தான் கிராங்குக்குள் நுழைகிறது. ஆண்டுக்கணக்கில் நின்றதில் சீல் காய்ந்து சுருங்கியிருந்தால், எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். பம்பு நன்றாக இருக்கும், எண்ணெய் நிறைய இருக்கும், போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது.

இனி, டேங்கில் புது ஆயில். மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிளக் வெளியே, சாவி அணைந்தபடி. இப்போது உதையுங்கள், நிதானமாக. பிளக் இல்லாததால் எதிர்ப்பு இல்லை, கால் வலிக்காது. முதலில் ஒன்றும் வராது. பம்புக்குள் காற்று நிற்கும். அப்புறம் நுரை வரும். அப்புறம் தெளிந்த எண்ணெய் கசியும். அதைக் கண்ணால் பார்க்கும் வரை உதையுங்கள். எத்தனை உதை என்று கேட்காதீர்கள். எண்ணிக்கை கணக்கல்ல, எண்ணெய்தான் கணக்கு.

இங்கே ஒரு பொய்ச் சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. மேலே எண்ணெய் வந்துவிட்டது, ஆகவே எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று நம்புகிறோம். அது அப்படி அல்ல. ராக்கருக்கு எண்ணெய் எங்கிருந்து பிரிகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பழைய டிரையம்ப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் அது திரும்பி வரும் வழியிலிருந்துதான் பிரிகிறது. யோசித்துப் பாருங்கள். கிராங்க் அறையில் பழைய எண்ணெய் தேங்கி நிற்கிறது. எடுக்கும் பம்பு அதை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. மேலே எண்ணெய் பளபளக்கிறது. கொடுக்கும் பம்போ செத்துக் கிடக்கிறது! பிக் எண்டுக்கு ஒரு சொட்டு இல்லை. நாம் மகிழ்ச்சியோடு பிளக்கைப் பூட்டுகிறோம்.

அதனால்தான் கிராங்க் அறையை முன்னாலேயே வடி என்று அடித்துச் சொன்னேன். அறை வறண்டிருந்தால், எடுக்கும் பம்பு எடுப்பதற்குக் கொடுக்கும் பம்பு கொடுத்தே ஆக வேண்டும். அப்போதுதான் சாட்சி உண்மை சொல்லும். உதைத்து முடித்த பிறகு கிராங்க் அறைத் திருகை இன்னொரு முறை திறந்து பாருங்கள். சிறிது எண்ணெய் சொட்டினால் நல்லது. ஒன்றுமே இல்லையென்றால் கொடுக்கும் பக்கம் பழுது. கொடகொடவென்று கொட்டினால் எடுக்கும் பக்கம் பழுது. இவ்வளவு தெளிவாகப் பேசும் எஞ்சினை நாம் ஏன் கேட்பதில்லை?

எஞ்சினுக்கு வெளியே தனி எண்ணெய் டேங்க் உள்ள பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப் வண்டி யாரிடமாவது இருந்தால் அவருக்கு வேலை இன்னும் எளிது. ஸ்டார்ட் ஆனதும் டேங்க் மூடியைத் திறந்தால் திரும்பு குழாயில் எண்ணெய் வருவது நேராகத் தெரியும். முதலில் முழுத் தாரையாக வரும், அது தேங்கியது. பிறகு காற்றோடு சேர்ந்து விட்டுவிட்டு வரும், அது ஆரோக்கியம். எடுக்கும் பம்பு பெரியது என்று சொன்னேனே, அதனால்தான் இடையிடையே காற்றையும் சேர்த்து இழுக்கிறது. முழுத் தாரை நிற்காமல் நெடுநேரம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அவை டூ-ஸ்ட்ரோக். பெரும்பாலானவற்றில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறோம்; சுற்றோட்டம் என்பதே இல்லை. பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்புரேட்டரைக் கழுவி, புதுக் கலவை ஊற்றுங்கள். அது வேறு கதை.

புல்லட்டில் எண்ணெய் வந்துவிட்டது. இப்போது பிளக்கைப் பூட்டலாம். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, உங்கள் அப்பா செய்தாரே அப்படியே, ஓர் உதை. ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். மெல்ல ஓடவிட்டு, மேல் போல்ட்டை மறுபடி கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் உடனே கசிய வேண்டும். கசியவில்லையா? அந்தக் கணமே அணையுங்கள். கசிந்தால் புது வாஷர் போட்டு முடுக்குங்கள். சில நாள் ஓட்டிய பின் அந்த ஆயிலையும் வடித்து மாற்றுங்கள். உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் அது கழுவிக்கொண்டு வந்திருக்கும்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சு முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரை புரண்டது. வீடுகள் மூழ்கின, வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்கு வண்டியை உதைத்தார்கள். அந்த மனநிலை எனக்குப் புரிகிறது. எல்லாம் போன வீட்டில் வண்டியாவது ஓடாதா என்ற தவிப்பு அது. ஆனாலும் சொல்கிறேன்: மூழ்கிய வண்டியை உதைக்கவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அது டேங்கின் அடியில் போய் உட்காரும். பம்பு இழுப்பதும் அடியிலிருந்துதான். ஆக, பிக் எண்டுக்கு முதலில் போவது வெள்ளத் தண்ணீர். அன்று மூழ்கி, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிய வண்டிகள் இன்னும் சில முற்றங்களில் நிற்கின்றன. அவற்றில் அந்தத் தண்ணீர் இன்னும் இருக்கலாம். திருகைத் திறந்து வடித்துப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

இன்னொரு பழக்கம். ‘வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன், வண்டி நன்றாக இருக்கிறது’ என்பார்கள். நல்ல எண்ணம்தான், பலன் எதிர்மறை. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். ஐந்து நிமிடத்தில் எஞ்சின் அந்த நீரை விரட்டும் அளவுக்குச் சூடாகாது. வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை நாமே எண்ணெயில் சேர்க்கிறோம். ஓட்டினால் நன்றாகச் சூடேற ஒரு நெடுந்தூரம் ஓட்டுங்கள். திருச்செந்தூர் வரை போய் வாருங்கள். முடியாதென்றால், புது ஆயில் மாற்றி நிறுத்திவிட்டு, மாதத்துக்கொரு முறை பிளக்கைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் திருப்பிவிடுங்கள்.

மெக்கானிக் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ‘ஸ்டார்ட் பண்ணிக் காட்டு’ என்று அவசரப்படுத்துவார். காட்டாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றிப் போட்டு, போல்ட்டைத் தளர்த்தி, எண்ணெய் வருவதை அவருக்குக் காட்டுங்கள். அதற்கும் கூலி கேளுங்கள், அது வேலைதான். வண்டி உரிமையாளர்களே, அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். துறைமுகத்துப் பொறியாளர்கள் இத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒரு பழைய வண்டி கிளம்பப் போகிறது என்று கேள்விப்பட்டால், கப்பலில் நீங்கள் நாள்தோறும் செய்வதை அந்தப் பையனுக்கு ஒருமுறை போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று: வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டில் நிற்கும் வண்டியின் பழைய ஆயிலை வடித்துவிடுங்கள்.